ஜி வரிசையில் பதினைந்தாவது நாற்காலி

மயிலாப்பூரில் அந்த சபாவின் உறுப்பினர் அட்டையைப் பிரித்தால் உள்ளே பன்னிரண்டு மாதங்கள் இருக்கும். மாதத்துக்கு இரண்டு கட்டங்கள். இரண்டாம் சனிக்கிழமை நாடகத்துக்குப் போகிறவர்கள் வாசலில் எத்திராஜிடம் அட்டையை நீட்ட வேண்டும். அவர் ஆளுக்கு ஒரு கட்டத்தில் துளை போட்டுத் திருப்பிக் கொடுப்பார். ராஜகோபாலனின் அட்டைகளில் ஒரு கட்டம்கூட விடுபட்டதில்லை. பார்க்கிறவர்கள் கணவனும் மனைவியும் மாதம் தவறாமல் ஜோடியாக வருகிறார்கள் என்றுதான் நினைப்பார்கள்.

அவர் மனைவி சூடாமணி அந்த அரங்கத்துக்குள் காலெடுத்து வைத்து மூன்று வருடம் ஆகிறது.

அவள் இதே சென்னையில், பெருங்குடியில் இருக்கிறாள். மகள் மஹதிக்கு இரட்டைக் குழந்தைகள் பிறந்தபோது, "ஆறு மாசம் இருந்துட்டு ஓடி வந்துடறேன்" என்று இரண்டு பையோடு போனாள். இப்போது குழந்தைகள் ஓடுகின்றன. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை ஸ்ரீநாத் காரில் கொண்டுவந்து விடுவான். வந்ததும் ஃப்ரிட்ஜைக் காலி செய்து துடைப்பாள், சாம்பார் பொடி டப்பாவை நிரப்புவாள், தலையணை உறையை மாற்றுவாள். சாயங்காலம் கார் வந்து ஹாரன் அடிக்கும்.

ராஜகோபாலனும் பெருங்குடிக்குப் போய் இருந்து பார்த்தார். பதினோராவது மாடி. காற்று திரும்பினால் குப்பைக் கிடங்கின் வாடை. மாப்பிள்ளை காதில் மாட்டிக்கொண்டு அமெரிக்காவோடு பேசும்போது அவர் சத்தமில்லாமல் நடக்க வேண்டியிருந்தது. மூன்றாம் நாள், "பால்காரன் பாக்கெட்டைப் போட்டுட்டுப் போயிருப்பான்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பி வந்தார். பால் வேண்டாம் என்று அவரேதான் பால்காரனிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

டெலிபோன் இலாகாவில் முப்பத்தாறு வருடம் வேலை பார்த்தவர். நாள் முழுக்க யாராவது பேசுவதைக் கேட்டே பழகிய காது. இப்போது கச்சேரி ரோடுக்குப் பின்னால் இருக்கும் வீட்டில், சில நாட்கள் அவர் வாயிலிருந்து வரும் முதல் வார்த்தை பதினொரு மணிக்குக் கீரைக்காரியிடம் சொல்லும் "அரைக்கீரை" என்பதுதான்.

சபாவில் உறுப்பினர்களுக்கு நாற்காலி நிரந்தரம். ஜி-14 அவருடையது, ஜி-15 சூடாமணியுடையது. இருபத்தெட்டு வருடத்துக்கு முன் அவள்தான் நின்று பார்த்துத் தேர்ந்தெடுத்தாள். "இங்கேர்ந்து பார்த்தா கழுத்தும் வலிக்காது, கதாநாயகி மூக்குத்தியும் தெரியும்" என்றாள்.

அவள் போன பிறகு முதல் மாதம், எத்திராஜ் பழக்கத்தில் இரண்டு துளையும் போட்டுவிட, ஜி-15இல் குடையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். விளக்கு அணைவதற்குள் நாலு பேர் குனிந்து, "இங்கே யாராவது வராளா?" என்று கேட்டார்கள். நாலு முறையும் "வரா" என்றார். அடுத்த மாதத்திலிருந்து அந்தச் சங்கடம் வேண்டாமென்று வேறு வழி செய்தார். உறுப்பினர்களுக்கு மட்டும் என்று பலகை வைத்தாலும் வாசலில் இரண்டு மூன்று பேராவது நின்றுகொண்டு, வருகிறவர்களிடம் "ஒரு ஆள் கூட இருக்கா சார்?" என்று கேட்பார்கள். அவர்களில் ஒருவரை உள்ளே கூட்டிப்போனார்.

எத்தனையோ பேர் வந்தார்கள். ஒருவர் குறட்டை விட்டார். ஒரு அம்மாள் இடைவேளையில் டிபன் முடித்துவிட்டு அப்படியே வீட்டுக்குப் போய்விட்டாள். ஞாயிற்றுக்கிழமை வந்த சூடாமணி அட்டையைப் புரட்டிப் பார்த்து, "என் கட்டத்துலல்லாம் யாரு ஓட்டை போட்டுண்டிருக்கா?" என்று கேட்டாள். "யாரோ" என்றார். அதுதான் உண்மை.

போன ஐப்பசியில், கொட்டுகிற மழையில், கணேசமூர்த்தி வந்தார்.

அவர் கேட்கக்கூட இல்லை. சபா வாசல் தகரத்தடியில் மழைக்கு ஒதுங்கியிருந்தார். தி.நகரில் ரவிக்கைத் துணி, லைனிங் துணிக் கடை. சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம். மகன் சுரேஷ்குமார் கடையை எடுத்துக்கொண்டு கம்ப்யூட்டர் பில் போட்ட பிறகு, இவர் கல்லாவில் உட்கார்ந்தால் மகன், "அப்பா, வீட்ல போய் ரெஸ்ட் எடுங்க" என்கிறானாம். மனைவி இறந்து ஐந்து வருடம். வீட்டில் என்ன ரெஸ்ட்? மயிலாப்பூரில் ஒரு வாடிக்கையாளருக்கு மேட்சிங் துணி கொடுக்க அவரே பஸ் ஏறி வந்திருந்தார்.

"ஒரு ஆள் கூட வரலாம், வரேளா?" என்றார் ராஜகோபாலன்.

"உள்ள என்ன சார் நடக்கு?"

"நாடகம்."

"சினிமா மாரி இருக்குமா?"

"இருக்காது. நடுவுல கரண்ட் போனாலும் பேசிண்டே இருப்பா."

கணேசமூர்த்தி ஈரச் சட்டையோடு ஜி-15இல் உட்கார்ந்தார். அன்றைக்கே தெரிந்துவிட்டது, இவர் மற்ற ஆட்கள் மாதிரி இல்லை. மேடையில் மாமனார் கடிதத்தை ஒளித்துவைத்தால், "அன்னா சட்டைப்பைல வச்சிருக்காம் பாருங்க" என்று வாய்விட்டுச் சொல்வார். மற்றவர்கள் சிரிக்க ஆரம்பிப்பதற்கு முன்பே சிரித்துவிடுவார். பெரிய சிரிப்பு. எஃப் வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ராஜகோபாலனுக்கு முதல் மாதம் கூச்சமாக இருந்தது. மூன்றாம் மாதம் அந்தச் சிரிப்புக்காகக் காத்திருக்க ஆரம்பித்தார்.

இடைவேளையில் கேன்டீனில் கீரை வடை, காபி. கதை இனி எப்படிப் போகும் என்று இருவரும் பந்தயம் கட்டுவார்கள்.

"அந்தப் பொண்ணு மெட்ராஸுக்குத் திரும்பி வந்துரும் சார்."

"வராது. டைரக்டரைப் பத்தி எனக்குத் தெரியும், எல்லாரையும் அமெரிக்கா அனுப்பிடுவார்."

ஐந்து மாதம். ஒருவர் போன் நம்பர் மற்றவரிடம் இல்லை. வீடு எங்கே என்று கேட்டுக்கொள்ளவில்லை. இரண்டாம் சனிக்கிழமை ஆறு மணிக்கு வாசலில் இருவரும் இருப்பார்கள், அவ்வளவுதான்.

மார்ச்சில் அட்டையைப் புதுப்பிக்க வேண்டிய சமயத்தில் சூடாமணி போனில் சொன்னாள்: "இந்த வருஷமாவது ஒருத்தருக்குன்னு மாத்திடுங்கோ. எனக்கு எங்க வர முடியறது? வீணா ஒரு சீட்டு." இதையே மூன்று வருடமாகச் சொல்கிறாள். அவரும் மூன்று வருடமாக, "பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டு, இருவருக்கே புதுப்பித்துக்கொண்டிருந்தார்.

ஏப்ரல் மாதம் வாசலில் கணேசமூர்த்தி இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் நின்றிருந்தார். முகமெல்லாம் பல். பையிலிருந்து ஒரு புத்தம் புது அட்டையை எடுத்து நீட்டினார்.

"நானும் மெம்பர் ஆயிட்டேன் சார், உங்கள மாரியே ரெண்டு சீட்டுக்கு! எத்தனை மாசம் உங்க சீட்டுல ஓசில உக்காருதது? மனசுக்குக் கஷ்டமா இருந்துச்சு. இனி உங்களுக்கு என்னால தொந்தரவு இல்ல."

ராஜகோபாலன் அட்டையை வாங்கிப் பார்த்தார். க்யூ-9, க்யூ-10.

"க்யூ வரிசையா குடுத்திருக்கா?"

"நான் உங்க பக்கத்துச் சீட்டைத்தான் கேட்டேன். அது சூடாமணின்னு ஒரு அம்மா பேர்ல இருக்குன்னு சொல்லுதாங்க." கணேசமூர்த்தி குரலைத் தாழ்த்தினார். "யாரு சார் அது?"

"என் ஆத்துக்காரி."

"அய்யய்யோ." அவர் கை தானாகக் கன்னத்துக்குப் போனது. "நான் அவுங்க தவறிட்டாங்கன்னுல்லா நெனச்சிட்டிருந்தேன். நீங்க ஒரு நாளும் பேச்செடுக்கல. நானும் கேக்கப்படாதுன்னு இருந்துட்டேன். எங்கன இருக்காங்க?"

"பெருங்குடில."

"பெருங்குடிலயா!" என்றார் கணேசமூர்த்தி.

எத்திராஜ், "இன்னா பெரியவரே, பார்ட்டி பிரிஞ்சிட்டீங்களா?" என்று சிரித்துக்கொண்டே இரண்டு அட்டைகளையும் வாங்கி, ராஜகோபாலனுடையதில் பழக்கப்படி இரண்டு துளையும் போட்டார். அன்றைக்கு வாசலில் யாரையும் தேடிப் பிடிக்க ராஜகோபாலனுக்குத் தோன்றவில்லை. குடையை ஜி-15இல் வைத்தார். இடைவேளைக்கு மணி அடித்ததும் எழுந்து பின்னால் க்யூ வரிசை வரைக்கும் நடந்தார். க்யூ-10 காலியாகத்தானே இருக்கும், இரண்டாம் பாதியை அங்கே உட்கார்ந்து பார்த்தால் என்ன என்று ஒரு யோசனை. மேடை சின்னதாகத் தெரியும், பரவாயில்லை.

க்யூ-10இல் கண்ணாடி போட்ட ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தாள்.

"இவுங்க சாந்தோம்ல டீச்சரா இருந்தவங்க சார்," என்றார் கணேசமூர்த்தி உற்சாகமாக. "வாசல்ல நின்னாங்க. நீங்க எனக்குச் செஞ்சியள்லா, அதையேதான் நானும் செஞ்சேன்."

"ரொம்ப நல்லது," என்றார் ராஜகோபாலன். வடை சாப்பிட அவர்களோடு போகவில்லை. திரும்பும் வழியில் சபா ஆபீசில் தலையை நீட்டி விசாரித்தார். ஜி-15ஐ விட்டுக்கொடுத்தால் அதை க்யூ-9காரருக்குக் கொடுப்பார்களா? அங்கிருந்தவர் மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்துக் கொடுத்தார். "தாராளமா. மாமி பேரை எடுத்துடலாம்னு எழுதி, ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டுக் குடுங்கோ. அடுத்த மாசமே மாத்திடறேன்."

எட்டே முக்காலுக்கு வீட்டுக்கு வந்தார். ஒன்பது மணிக்கு வழக்கம்போல சூடாமணி கூப்பிட்டாள்.

"சாப்ட்டேளா? நாடகம் எப்படி?"

"சுமார். பொண்ணு அமெரிக்கா போயிடுத்து." மடித்த படிவத்தைப் பிரித்தார். "ஃபாரம் வாங்கிண்டு வந்திருக்கேன். நீ சொன்னபடி ஒருத்தருக்குன்னு மாத்திடலாம். உன் கையெழுத்து வேணும்."

அந்தப் பக்கம் ஒரு குழந்தை எதையோ தரையில் தட்டிக்கொண்டிருந்தது. தட்டல் நின்றது. சூடாமணி வேறு அறைக்குப் போயிருக்க வேண்டும்.

"என் பேரை எடுத்துடுவாளா?"

"நீதானே மூணு வருஷமா சொல்லிண்டிருக்கே?"

"சொன்னேன்," என்றாள். "யாருக்குப் போறது அந்த சீட்டு?"

அவர் கணேசமூர்த்தியைப் பற்றிச் சொன்னார். மழை, ஈரச் சட்டை, முன்கூட்டியே வருகிற சிரிப்பு, கீரை வடைப் பந்தயம். பேசப் பேச நீண்டுகொண்டே போனது. இத்தனை நேரம் அவளோடு பேசிப் பல மாதம் ஆகியிருந்தது.

"பாவம், அவருக்கும் யாருமில்லையா?" என்றாள். பிறகு, "இருக்கட்டும். இப்போ குடுத்துடாதீங்கோ. அடுத்த மாசம் நான் வரேன். ரெண்டாம் சனிக்கிழமைதானே? மஹதிகிட்ட இப்பவே சொல்லி வைக்கறேன்."

மே மாதம் இரண்டாம் சனிக்கிழமை ராஜகோபாலன் ஐந்தரைக்கே வாசலில் நின்றார். அவளுக்குப் பிடிக்குமென்று மாட வீதியில் ஒரு முழம் மல்லி வாங்கி, இலையோடு சட்டைப் பையில் வைத்திருந்தார். படிவமும் அதே பையில் மடித்து இருந்தது. அவள் வரட்டும், பார்த்துக்கொள்ளலாம். அவள் நாடகம் பார்த்துவிட்டு, போதும் என்றால் கையெழுத்து, வேண்டாம் என்றால் கிழித்துவிடலாம்.

"ஒரு ஆள் கூட இருக்கா சார்?" என்று ஒருவர் கேட்டார்.

"இல்லை. வரா."

கணேசமூர்த்தி வந்தார். தகவல் கேட்டதும் பரபரப்பானார். "அம்மா வராங்களா? அப்பம் இடைவேளைல மூணு வடை சொல்லிருதேன்." கேட்டுக்கொண்டு நின்றவரைப் பார்த்து, "நீங்க வாங்கண்ணே, எங்கிட்ட ஒண்ணு இருக்கு" என்று தோளில் கைபோட்டு உள்ளே கூட்டிப்போனார்.

ஆறே காலுக்கு முதல் மணி. போன் அடித்தது.

"ஏன்னா, கிளம்பிண்டே இருந்தேன். புடவைகூடக் கட்டிண்டாச்சு. சின்னவனுக்கு உடம்பு கொதிக்கறது. மஹதிக்கும் மாப்பிள்ளைக்கும் இன்னிக்கும் ஆபீஸ், இன்னும் வரலை. எப்படி விட்டுட்டு வரது?"

"வேண்டாம், வேண்டாம். நீ அவனைப் பாரு."

"அந்த ஃபாரத்தை இன்னிக்கே குடுத்துடுங்கோ. என் கையெழுத்தை நீங்களே போட்டுடுங்கோ. நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்." பின்னால் குழந்தை சிணுங்கியது. "அந்த மனுஷராவது உக்காரட்டும்."

"அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம். நெத்தில துணி போடு."

வாசலில் யாரும் பாக்கியில்லை. ஆபீஸ் கதவு திறந்திருந்தது, பத்தடி தூரம்தான். அங்கே விளக்கு எரிந்தது. ராஜகோபாலன் அந்த வெளிச்சத்தைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றார். பையைத் தொட்டார். மல்லிக்குக் கீழே காகிதம் சற்று ஈரமாகியிருந்தது.

"உள்ள போ சார், ரெண்டாவது பெல்லு அட்ச்சிட்டாங்க" என்றார் எத்திராஜ். அட்டையை வாங்கி, பழக்கத்தில் இரண்டு கட்டத்தையும் சேர்த்துப் பிடித்தார். "ரெண்டுதானே?"

"ஒண்ணு."

எத்திராஜ் நிமிர்ந்து பார்த்தார். ஒரு துளை மட்டும் போட்டுக் கொடுத்தார்.

உள்ளே விளக்கு மங்கத் தொடங்கியிருந்தது. ஜி-15இல் குடையை வைத்தார். குடைக்கு மேல் இலைப் பொட்டலத்தை வைத்தார். வரிசையின் ஓரத்தில் ஒரு பெண்மணி குனிந்து, "இங்கே யாராவது வராளா?" என்று கேட்டாள்.

"வரா" என்றார்.

திரை விலகியது. மேடையில் ஒருவர் வீட்டை விற்க வந்த தரகரைத் தன் சம்பந்தி என்று நினைத்து வரவேற்றுக்கொண்டிருந்தார். யாருக்கும் இன்னும் விஷயம் புரியவில்லை. பின்னால், வெகு பின்னால், க்யூ வரிசையிலிருந்து அந்தப் பெரிய சிரிப்பு முன்கூட்டியே வந்துவிட்டது. எஃப் வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

ராஜகோபாலன் திரும்பவில்லை. இடைவேளையில் "அம்மா வரலியா சார்?" என்று கணேசமூர்த்தி கேட்பார், கையில் மூன்று வடையோடு. சொல்ல வேண்டிய பதிலை மனதுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

அடுத்த மாசம்.