அவள் வாங்காத பேட்டரி வண்டி

அப்போது தேனியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்த்தேன். என்னோடு வேலை பார்த்த தோழிக்கும் எங்கள் ஊர் வீரபாண்டிதான், அடுத்த தெரு. காலையில் டவுன் பஸ்ஸில் நசுங்கி வந்து சேர்வதற்குள் சேலை கசங்கிப்போகும். 2008-இல் பேட்டரி ஸ்கூட்டர் விற்கும் கடை ஒன்று தேனியில் திறந்ததும், முதலில் அதைப் பார்த்துவிட்டு வந்து சொன்னவள் அவள்தான்.

எனக்குப் பயம் ஒன்றா இரண்டா? மழையில் ஷாக் அடிக்குமோ, பாதி வழியில் நின்றுவிடுமோ, கரண்ட் கட்டில் சார்ஜ் ஏறாதோ. வீட்டுக்காரர் வேறு, “சத்தமே வராதது ஒரு வண்டியா? சின்னப் பிள்ளைக வெளையாடுறது” என்று சிரித்தார்.

ஒவ்வொரு பயத்துக்கும் அவளிடம் பதில் இருந்தது.

“லைசென்ஸ் வேணாம்டி. பெட்ரோல் பங்குல போயி நிக்க வேணாம். மழையில ஒண்ணும் ஆகாதுன்னு கடைக்காரரே சொன்னாக. ரெண்டு பேரும் சேந்து எடுப்போம். ஒண்ணு நின்னா இன்னொண்ணு இருக்குல்ல?”

அந்தக் கடைசி வார்த்தையில்தான் நான் விழுந்தேன். இருவரும் போய் நிறம்கூடப் பார்த்துவைத்தோம். எனக்குச் சிவப்பு, அவளுக்கு நீலம். எடுக்கப் போகிற அன்று, “ஆடி பொறக்கப் போகுது, வீட்டுல வேணாங்கிறாக. நீ எடு, நான் ஆவணியில எடுத்துக்கிறேன்” என்றாள்.

எடுத்தேன். வண்டி நன்றாகவே ஓடியது. சாயங்காலம் அவளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு, வயல் காற்றில் சத்தமில்லாமல் ஊர் வந்து சேர்வது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. தினமும் அவள் கேட்பாள். சார்ஜ் எத்தனை நாள் நின்றது? மேட்டில் ஏறுதா? நனைந்ததே, என்ன ஆச்சு? ஒன்றுவிடாமல் சொல்வேன். ஒரு நாள் காலையில் கரண்ட் கட்டில் பாதி சார்ஜோடு தனியாகக் கிளம்பி, மேட்டில் வண்டி நின்று, கொஞ்ச தூரம் தள்ளிக்கொண்டு வந்ததை அவள் ஒருத்தியிடம் மட்டும்தான் சொன்னேன். வீட்டில்கூடச் சொல்லவில்லை. வீட்டுக்காரர் கேலி செய்வார் என்று பயம்.

ஆவணி வந்தது, போனது. புரட்டாசியில் ஒரு நர்ஸ் என்னிடம் வந்து, “அக்கா, ஒங்க வண்டி மேட்டுல நின்னு, தள்ளிக்கிட்டே வந்தீகளாமே? நானும் எடுக்கலாம்னு இருந்தேன். ஒங்க லேப் அக்காதான் வேணாம்னு சொன்னாக” என்றாள். எனக்கு முகம் சுட்டது. கையிலிருந்த ரத்த டியூபில் சீட்டு ஒட்ட மறந்து நின்றேன்.

மறுவாரம் தோழி புது பெட்ரோல் ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். நீல நிறம். லேபில் எல்லாருக்கும் அல்வா கொடுத்தாள். எனக்கு நீட்டியபோது நான் வாங்கவில்லை. பின்பக்கம் கூட்டிப் போய்க் கேட்டேன்.

“ஆடியில வீட்டுல வேணாம்னாகளா, இல்ல நீயே வேணாம்னு இருந்தியா?”

“எனக்குப் பயமா இருந்துச்சுடி. நீ ஓட்டுறதப் பாத்துட்டு எடுக்கலாம்னு இருந்தேன்” என்றாள்.

“பயமா இருந்தா எங்கிட்ட எதுக்குடி ஒண்ணும் ஆகாது, ஒண்ணும் ஆகாதுன்னு சொன்ன?”

“ஒனக்குச் சொல்லச் சொல்ல எனக்கும் பயம் போயிரும்னு நெனச்சேன். போகல.”

பொய் சொல்லியிருந்தால்கூடத் திட்டித் தீர்த்திருப்பேன். அவள் உண்மையைச் சொன்னாள். அதனால் திட்டவும் முடியவில்லை, மன்னிக்கவும் முடியவில்லை. என்னை முன்னால் இறக்கிவிட்டு ஆழம் பார்த்திருக்கிறாள். அந்த ஒரு நாளைச் சொன்னவள், மற்ற நாளெல்லாம் என் பின்னால் உட்கார்ந்து வந்ததை யாரிடமும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகும் ஒரே மேஜையில்தான் வேலை பார்த்தோம். சீட்டு கொடு, ஊசி எடு என்பதற்கு மேல் பேச்சில்லை. சாயங்காலம் அவள் வண்டி உறுமிக்கொண்டு என்னைத் தாண்டிப் போகும்போது நான் திரும்பிப் பார்ப்பதில்லை.

அந்த நர்ஸ் மறுபடி வந்து கேட்டாள். “நெசமாச் சொல்லுங்கக்கா, எடுக்கலாமா?”

எடு என்று சொல்ல வாய் வரை வந்தது. ஒருத்தியை நம்பவைக்கிற அந்தப் பேச்சை என் வாயால் பேச எனக்கு மனம் வரவில்லை. “எனக்குத் தெரியாதும்மா” என்று சொல்லிவிட்டுக் கண்ணாடித் தகடுகளைக் கழுவப் போனேன்.