பெரிய எருமைக்குப் பத்துத் தோட்டா

லவோனிடம் போய் ‘எப்படி இருக்கு?’ என்று எங்கள் பக்கத்தில் யாரும் கேட்பதில்லை. கேட்டால் சொல்லிவிடுவாள். பாதிரியாரின் மனைவி ஒருமுறை ஆசையாக ஆப்பிள் கேக் செய்து கொண்டுவந்து, வாய் தவறி அவளிடம் கேட்டுவிட்டாள். “உள்ள வேகல” என்றாள் லவோன். சொல்லிவிட்டுத் தட்டிலிருந்ததை மிச்சம் வைக்காமல் தின்று முடித்தாள். ஓய்வு பெறும்வரை பள்ளிப் பேருந்து ஓட்டியவள். எந்தப் பிள்ளையையும் அவள் திட்டியதில்லை. கண்ணாடியில் ஒரு பார்வை பார்ப்பாள், பேருந்தே கப்சிப்பென்று ஆகிவிடும்.

இப்படிப்பட்ட வாய்க்கு ஒரு மதிப்பு இருந்த இடம், ஜூன் மாதம் டாயிலின் மேய்ச்சல் நிலத்தில் நடக்கும் துப்பாக்கிப் போட்டி. போட்டி என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. மொண்டானாவின் இந்தக் கிழக்கு மூலையில் பழங்காலத்துக் கருமருந்துத் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் இருபது பேர் கூடுவார்கள். தகட்டில் வெட்டிய கோழி, பன்றி, வாளி என்று சரிவில் அங்கங்கே நிற்கும். கடைசியில், எண்ணூறு கஜத்துக்கு அப்பால், கறுப்பு அடித்த காட்டெருமைத் தகடு, அதுதான் ‘பெரிய எருமை’. மதியம் அவரையும் மான்கறித் தொத்திறைச்சியும் காபியும் உண்டு. புதுமாதிரித் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு எவனாவது வந்தால் அவனுக்குச் சாப்பாடு மட்டும் போட்டு அனுப்பிவிடுவார்கள்.

கருமருந்து வெடித்தால் வெள்ளைப் புகை எழும்பி முன்னால் அப்படியே நிற்கும். ஈயம் எங்கே போய் விழுந்தது என்று சுட்டவனுக்குத் தெரியாது. தகட்டில் பட்டால் மணி அடித்ததுபோல ஒரு சத்தம் வரும், காற்று பலமாக இருந்தால் அதுவும் கேட்காது. பக்கத்தில் நாற்காலி போட்டு, தொலைநோக்கியில் கண் வைத்திருக்கிற ஆள் என்ன சொல்கிறாரோ அதுதான் கணக்கு. எதிர்த்துப் பேசக் கூடாது. லவோன் தன் புருஷன் ஹார்லனுக்கு முப்பது வருடமாக அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். பட்டால் “பட்டுச்சு.” படாவிட்டால் “இல்ல, ரெண்டடி கீழ.” அதற்கு மேல் ஒரு சொல் வராது. ஒரு வருடம் அவன் பரிசுக் கோப்பையை வெல்ல வேண்டிய குண்டையே “இல்ல” என்று சொல்லிவிட்டாள். அன்று இரவு வீட்டில் சாப்பாடு கொஞ்சம் அமைதியாக நடந்ததாகக் கேள்வி.

இந்த வருடம் விஷயம் வேறு. ஹார்லனின் வலது கண்ணில் நடுவே அழுக்குப் படிந்ததுபோலப் பார்வை மறைந்துவிட்டது. அவன் யாரிடமும் சொல்லவில்லை. காபியைக் கோப்பைக்கு வெளியே ஊற்றியபோது லவோனுக்குத் தெரிந்தது, பிறகு டாக்டரும் சொன்னார். இடது கண் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் இடது தோளைக் குதிரை உதைத்து உடைத்தது அந்தக் காலத்திலேயே. அந்தப் பக்கம் வைத்துச் சுட்டால் துப்பாக்கி கொடுக்கிற உதைக்குத் தோள் கழன்றுவிடும்.

போதாததற்கு, போன வருடம் சாப்பாட்டு வேளையில் வாயை வேறு கொடுத்துவிட்டான். டாயில் பக்கத்துப் பண்ணைக்காரன், நல்ல பையன், வயது நாற்பத்தைந்து ஆனாலும் ஹார்லனுக்குப் பையன்தான். வருடா வருடம் ஹார்லனின் துப்பாக்கியைத் தடவிப் பார்த்துவிட்டு “எனக்குக் குடுத்துடுங்களேன்” என்பான். “பெரிய எருமைய பத்துல ஒண்ணுகூட அடிக்க முடியாத அன்னிக்கு எடுத்துக்கோ” என்று எல்லார் முன்னாலும் ஹார்லன் சொன்னான். எல்லாரும் சிரித்தார்கள். லவோன் சிரிக்கவில்லை, அவள் எதற்குத்தான் சிரித்தாள்.

அவளுக்கு ஒரு பயம் இருந்தது. மாடுகளை விற்ற வருடம், குளிர்காலம் முழுக்க ஹார்லன் சமையலறை மேசையில் உட்கார்ந்து ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தான். போட்ட சாப்பாடு அப்படியே கிடக்கும். மார்ச்சில் ஒரு நாள் தானாக எழுந்து கொட்டகைக்குப் போய் ஈயத்தை உருக்கி, ஜூன் போட்டிக்குக் குண்டு வார்க்க ஆரம்பித்தான். அன்றைக்குத்தான் மனிதன் திரும்பி வந்தான். இந்தத் துப்பாக்கியும் போய்விட்டால் அடுத்த மார்ச்சில் அவனை எது எழுப்பும் என்று அவளுக்குத் தெரியவில்லை.

இந்த வருடப் போட்டியில் கோழியிலும் பன்றியிலும் அவன் ஏதோ தட்டுத்தடுமாறி நாலைந்து அடித்தான். பக்கத்தில் இருப்பவை, பழகின கை. பிற்பகலில் பெரிய எருமைக்கு முறை வந்தது. கணக்கு எழுத டாயில் தன் தொலைநோக்கியோடு பின்னால் உட்கார்ந்தான். ஹார்லன் தரையில் அமர்ந்து, குறுக்குக் கோல்மேல் துப்பாக்கியைச் சாய்த்து, தூரத்துக்கேற்பப் பின்குறியை உயர்த்தினான்.

“காத்து?”

“இடப்பக்கமிருந்து. முன்னவிட ஜாஸ்தி.”

சுட்டான். “இல்ல. வலது, மூணடி.” துப்பாக்கியில் ஊதுகுழாயைச் செருகி மூச்சை உள்ளே ஊதினான், உள்ளே படிந்த கரி இளகுவதற்கு. மறுபடி சுட்டான். “இல்ல. கீழ.” குண்டுகள் சரிவெங்கும் போய் விழுந்தன, ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாமல். ஐந்தாவதுக்கு மேல் காபிக் கெட்டில் பக்கம் நின்றவர்களும் கிட்டே வந்து பார்த்தார்கள். ஒன்பதும் போயிற்று.

பத்தாவதுக்கு அவன் வெகுநேரம் குறி வைத்தான். வெடித்தது. எருமையின் கால்களுக்கு இடப்பக்கம் புழுதி கிளம்பியதை லவோன் தெளிவாகப் பார்த்தாள்.

“பட்டுச்சு” என்றாள். “தோள்ல. நல்லா பட்டுச்சு.”

டாயில் தொலைநோக்கியிலிருந்து முகத்தை எடுத்து அவளைப் பார்த்தான். அவனும் அந்தப் புழுதியைப் பார்த்தவன்தான். துப்பாக்கி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது, ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவன் குனிந்து, பட்டதாக ஒரு கோடு போட்டான்.

ஹார்லன் திரும்பாமல் குழாயை எடுத்து ஊதினான். துப்பாக்கியின் வாயிலிருந்து மிச்சப் புகை வெளியே வந்தது.

“நல்லாவா?” என்றான்.

லவோன் தொலைநோக்கியின் வளையத்தைத் திருகினாள்.

“கல்யாணம் ஆன நாள்லேருந்து என்னப் பாத்து ஒரு தடவையாவது ‘நல்லா’ன்னு சொல்லியிருக்கியா நீ? டாயில், நீ பாத்தியா?”

“காத்து அடிச்சுதா... மணிச் சத்தம் கேக்கல. புகை வேற.”

“உனக்குச் சுடத்தான் வராதுன்னு நெனச்சேன். பொய்யும் வரல. போட்ட கோட்ட அடிச்சுடு.”

டாயில் கோட்டை அடித்தான். ஹார்லன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து, துப்பாக்கியை அவனிடம் நீட்டினான்.

“எனக்கு வேணாம், ஹார்லன். அது சும்மா பேசினது.”

“நான் சும்மா பேசல. புடி. தோட்டா பெட்டியில இன்னும் இருக்கு. உன் முறைதான அடுத்து?”

டாயில் வாங்கிக்கொண்டான். வாங்காமல் என்ன செய்வான், பெரியவர் நீட்டிய கையை மடக்கவில்லை.

லவோன் நாற்காலியில் இருந்தபடியே, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்: “மாடு வித்த வருஷம் நீ அந்த மேசையில உக்காந்திருந்த பாரு, அது மாதிரி இன்னொரு குளிர்காலம் என்னால முடியாது, ஹார்லன். பயமா இருந்துச்சு. அதான் சொன்னேன்.”

அவள் வாயிலிருந்து இவ்வளவு நீளமான பேச்சை அங்கே யாரும் கேட்டதில்லை. ஹார்லன் தொப்பியைக் கழற்றிப் பார்த்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டான்.

டாயிலின் மனைவிக்குப் புகை ஆகாது. அதனால் அவனுக்கும் லவோன்தான் பார்த்துச் சொல்வது வழக்கம். அவன் தயங்கித் தயங்கி, “லவோன், எனக்குச் சொல்றீங்களா?” என்றான்.

“வேற ஆளப் பாரு. இன்னிக்கு என் பேச்ச யார் நம்புவா” என்று அவள் எழுந்துவிட்டாள். நாற்காலி காலியாக இருந்தது. கொஞ்ச நேரம் ஒருவரும் அந்தப் பக்கம் போகவில்லை. பிறகு ஹார்லன் போய் உட்கார்ந்து, இடது கண்ணைத் தொலைநோக்கியில் வைத்தான்.

“என்ன வேடிக்க? காத்து கொறையுது. வெக்க வேண்டிய எடத்துல வெச்சு சுடு.”

டாயில் சுட்டான். “இல்ல. ரெண்டடி கீழ. பின்குறிய ஏத்து.” ஏற்றினான், சுட்டான். “இல்ல. இறுக்கிப் புடி, அது ஒண்ணும் உன்னக் கடிக்காது.” யாரோ சிரித்தார்கள். லவோன் சாப்பாட்டுக்கு விரித்த போர்வையை மடிக்கிறவள்போல ஹார்லனுக்குப் பின்னால் நின்றாள்.

மூன்றாவது குண்டு போனது. சரிவில் புழுதி கிளம்பவில்லை. சாயங்கால வெயில் நேராகத் தகட்டில் அடித்துக்கொண்டிருந்தது. மதியத்திலிருந்து அடிபட்டுக் கறுப்பெல்லாம் உரிந்துபோன தகடு, அதில் புதுத் தழும்பு எது, பழைய தழும்பு எது என்று யாரால் சொல்ல முடியும். ஹார்லன் கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தான். எண்ணூறு கஜத்து மணிச் சத்தம் அவன் காதுக்கு எட்டாமல் போய்ப் பல வருடம் ஆகிறது. டாயில் அசையாமல் காத்திருந்தான்.

காற்று ஓய்ந்திருந்தது. மெல்லிசாக ஒரு சத்தம் வந்து சேர்ந்ததை லவோன் கேட்டாள். தன் புருஷனின் துப்பாக்கி, அவன் வார்த்த ஈயம், இன்னொருவனின் கை.

ஹார்லன் தொலைநோக்கியை விட்டுத் திரும்பி அவளைப் பார்த்தான்.

“மணி கேட்டுச்சா?”

“கேட்டுச்சு” என்றாள்.

“பட்டுச்சு, டாயில்” என்று சொல்லிவிட்டு அவன் கண்ணை மறுபடி தொலைநோக்கியில் வைத்தான். அவளை இன்னொரு தடவை கேட்கவில்லை.