டீவீடி ட்ரைவுக்குக் கிரீஸ் போட்டவர்

கொழும்பு ஆஸ்பத்திரியில் என் கணவருக்கு அஞ்சியோகிராம் எடுத்து முடித்ததும், வெள்ளைக் கடதாசி உறைக்குள் ஒரு சீடியைப் போட்டுக் கையில் தந்தார்கள். அவருடைய நெஞ்சுக்குள் இரத்தக் குழாய்கள் எங்கெங்கே அடைத்திருக்கின்றன என்பதெல்லாம் அதில்தான் படமாக இருந்தது. டொக்டர் நிதானமான மனிதர். நெஞ்சைத் திறந்து பைபாஸ் செய்வதுதான் நல்லதென்று தனக்குப் படுவதாகவும், ஸ்டென்ட் வைத்துச் சமாளிக்கவும் சிறிது இடமிருப்பதாகவும் சொன்னார். வேறு யாரிடமாவது காட்ட விரும்பினால் காட்டலாம், ஆனால் வியாழக்கிழமைக்குள் முடிவைச் சொல்ல வேண்டும் என்றார்.

என் கணவருடைய நானாவின், அதாவது அண்ணனின், மகள் இங்கிலாந்தில் ஓர் இருதய ஆஸ்பத்திரியில் டொக்டராக இருக்கிறாள். அவளுக்கு உடனே போன் எடுத்தேன்.

"சாச்சி, ரிப்போட் மட்டும் காணாது," என்றாள். "சீடில உள்ள படம் எல்லாத்தையும் அப்படியே அனுப்புங்க. எங்கட பெரிய டொக்டருக்குக் காட்டுறன். ஆனா கெதியா அனுப்புங்க."

அனுப்புவதற்கு முதலில் சீடியைப் போட ஓரிடம் வேண்டுமே. என் மேசைக் கொம்பியூட்டர் தவணைப் பரீட்சைக்குக் கணக்கு வினாத்தாள் அடிக்க வாங்கியது. அதன் முகப்பில் ட்ரைவ் இருக்க வேண்டிய இடத்தை வெறும் பிளாஸ்டிக் மூடி ஒன்று அடைத்துக்கொண்டிருந்தது. எங்கள் ஊரான தில்லையடியில் நான் ஏறி இறங்காத கொமினிகேஷன் கடை இல்லை. கல்யாண வீட்டு டீவீடிகளை அலுமாரி நிறைய அடுக்கி வைத்திருக்கும் ஊரில், அதைப் போட்டுப் பார்க்க ஒரு பெட்டி கிடையாது. ஒரு கடையில் மட்டும் ட்ரைவ் இருந்தது. உள்ளே போகும் சீடி சில வேளை சிக்கிக்கொள்ளும், அப்போது ஊசி விட்டுத்தான் எடுக்க வேண்டும் என்று கடைக்காரரே சொன்னார். என்னிடம் இருந்ததோ ஒரே ஒரு சீடி. உறையைத் திரும்பவும் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு இறங்கிவிட்டேன்.

திங்கட்கிழமை பாடசாலை விட்டதும் புத்தளம் டவுனுக்கு ஓட்டோ பிடித்தேன். கொம்பியூட்டர் திருத்தும் கடையில் பழைய டீவீடி ட்ரைவ் ஒன்று இருந்தது. பொருத்தித் தரச் சொன்னால், வேலை குவிந்து கிடக்கிறது, மெஷினைக் கொண்டுவந்து வைத்தால் வெள்ளிக்கிழமை தரலாம் என்றார் கடைக்காரர். வியாழக்கிழமைக் கதையைச் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை. நானே பூட்டிக்கொள்கிறேன் என்றேன். அவர் என் அபாயாவையும் கையிலிருந்த மாணவர் கொப்பிக் கட்டையும் ஒரு தரம் பார்த்தார்.

"ஏலும் டீச்சர்," என்றார் கடைசியில். "ரெண்டே ரெண்டு வயர்தான். ஒண்டு போர்டுக்குப் போறது, மத்தது பவர் வாரது. மாத்திப் போட்டா உள்ளுக்குப் போகாது. அதால பயப்பட வேணாம்."

வீட்டுக்கு வந்து கொம்பியூட்டரின் மின்வயரைக் கழற்றி, பெட்டியை மேசைமேல் படுக்க வைத்தேன். பக்கத் தகட்டைப் பிடித்திருந்த இரண்டு திருகாணிகளும் துருவேறிப் போயிருந்தன. களப்பின் உப்புக் காற்று வீசும் ஊரில் இது புதினம் இல்லை. இங்கே பூட்டும் துருப்பிடிக்கும், காற்றாடியும் துருப்பிடிக்கும், பிளாஸ்டிக் என்று நம்பி வாங்கியதன் உள்ளே இரும்பு இருந்தால் அதுவும் துருப்பிடிக்கும். என் கணவர் கதிரையில் இருந்தபடியே எந்தப் பக்கம் திருகுவது என்று சொல்லிக்கொண்டிருந்தார். பாரம் தூக்கக் கூடாது, மனதை அலட்டிக்கொள்ளக் கூடாது என்பது டொக்டரின் கட்டளை. தகடு கழன்றது. முகப்பு மூடியையும் தள்ளி எடுத்தேன். அப்போது பள்ளியில் அஸருக்குப் பாங்கு சொன்னது. ட்ரைவை அவர் முன்னால் மேசையில் வைத்துவிட்டுத் தொழப் போனேன்.

இந்த இடத்தில் அவரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவர் உப்பளத்தில் தண்ணீர் இறைக்கும் மெஷின்களைப் பார்க்கிறவர். அங்கே கிரீஸ் படாத ஆணி ஒரு வருடம் தாங்காது. அந்தப் பழக்கத்தை அவர் வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். எங்கள் கேட்டைத் திறந்து வருகிறவர்கள் முதலில் கேட்பது கை துடைக்க ஒரு துணி.

தொழுதுவிட்டு வந்து ட்ரைவை முன்பக்கமாக உள்ளே தள்ளினேன். துளைகள் நேராக வரும்வரை அசைத்து, பக்கத்துக்கு இரண்டாக நான்கு ஆணிகளைப் பூட்டினேன். ஆணிகள் வழுக்கிக்கொண்டு உள்ளே போயின. என் கைராசி என்று நினைத்துக்கொண்டேன். வயர் இரண்டையும் கொழுவி, மின்சாரம் கொடுத்து, பொத்தானை அமுக்கினேன். தட்டு சத்தமே இல்லாமல் வெளியே வந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. பிஸ்மில்லாஹ் சொல்லி சீடியை வைத்து உள்ளே அனுப்பினேன்.

உர்ரென்று சுற்றியது. நின்றது. மறுபடி சுற்றியது. ட்ரைவில் சீடி ஒன்றைப் போடும்படி திரையில் எழுத்து வந்தது.

வெளியே எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். சீடியின் மினுங்கும் பக்கத்தில் மஞ்சளாக ஒரு தீற்றல். விரலால் தொட்டேன், வழுக்கியது.

"இதென்ன கிரீஸ்?"

"நான்தான்," என்றார் அவர். "நீ தொழப் போன நேரத்துல மூடியக் கழட்டி ஓடுற கம்பிக்குக் கொஞ்சம் போட்டன். காஞ்சி போய்க் கெடந்திச்சி."

"உங்களுக்கு மூளை கலங்கிட்டா?" என்று கத்தினேன். பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும். "இது என்ன தண்ணி மெஷினா? இதுக்குள்ளதான் உங்கட உசிரு இரிக்கி! இருக்கிறதே ஒரு சீடி! ஒரு நாளைக்காவது உங்கட கைய வெச்சிக்கிட்டுச் சும்மா இரிக்க ஏலாதா?"

அவர் வலக்கையைத் தூக்கி நெஞ்சில் வைத்தார்.

என் சத்தம் அப்படியே அடங்கிப் போனது. அந்த ஒரு கணத்தில் நான் என்னென்ன நினைத்தேன் என்று எழுத எனக்கு விருப்பமில்லை. அவர் செய்ததோ வேறொன்றுமில்லை, விரலில் இருந்த கிரீஸைப் பெனியனில் துடைத்தார்.

"ஆணிக்கும் போட்டன்," என்றார் மெதுவாக. "நாளைக்கி இது பழுதாகினா நீதானே கழட்டணும். இறுகிப் போச்செண்டா உனக்கு ஏலாது. அப்ப ஆரக் கூப்பிடுறது?"

அவர் சொன்ன நாளைக்கி, செவ்வாய்க்கிழமை அல்ல. கொழும்பிலிருந்து வந்த நாளிலிருந்து அவர் கிணற்று மோட்டாருக்கும், தையல் மெஷினுக்கும், குசினி ஜன்னலின் கொண்டிக்கும் கிரீஸ் போட்டுக்கொண்டிருந்தார். சும்மா இருக்க முடியாத மனிதர், பொழுது போகவில்லை என்று நான் நினைத்திருந்தேன். நான் தனியாக இருக்கப் போகும் வீட்டை அவர் தயார் செய்துகொண்டிருந்திருக்கிறார். அழுகை வந்தது. கோபமும் போகவில்லை. முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டு, "எழும்புங்க," என்றேன். "நீங்கதானே போட்டது, நீங்களே வந்து கழட்டித் தாங்க."

சீடியைக் குழாயடியில் பிடித்து, பாத்திரம் கழுவும் திரவம் ஒரு துளி விட்டு, நடுவிலிருந்து வெளிப்பக்கமாகத் துடைத்தேன். வட்டமாகத் துடைக்கக் கூடாது என்று போனில் தேடிப் பார்த்திருந்தேன். துடைத்ததைப் பழைய மென்துணியில் ஒற்றி எடுத்தேன். கீறல் இல்லை. அதற்குள் அவர் ட்ரைவை வெளியே எடுத்து மூடியையும் கழற்றியிருந்தார். ஆணிகள் இலகுவாகக் கழன்றதை அவர் சொல்லிக் காட்டவில்லை. நான் கவனித்தேன்.

உள்ளே பயற்றம் பருப்பு அளவில் ஒரு கண்ணாடிக் கண் இருந்தது. சீடியைப் படிப்பது அதுதானாம். அதன் மேலும் கிரீஸ். அஞ்சியோகிராமுக்குக் குழாய் விட்ட அவருடைய கைக்காயத்துக்கு வாங்கிய ஸ்பிரிட்டில் பஞ்சுக் குச்சியைத் தோய்த்து, அவர் டோர்ச் பிடிக்க, நான் துடைத்தேன். "மெல்ல, மெல்ல," என்றார் அவர். கம்பியில் போட்டதையும் முக்கால்வாசி வழித்தெடுத்தோம். கொஞ்சமாவது இருக்கட்டும் என்றார். இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

இரண்டாம் தடவை சீடி சுற்றத் தொடங்கியதும் நான் திரையைப் பார்க்கவில்லை. அவர்தான் பார்த்தார்.

"வந்திட்டு," என்றார்.

கோப்புகள் வரிசையாக விழுந்தன. ஒன்றைத் திறந்தேன். சாம்பல் நிறத்தில் அவருடைய இதயம் துடித்துக்கொண்டிருந்தது. குழாய்களுக்குள் கறுப்பாக மருந்து ஓடி, ஓரிடத்தில் நூலாக மெலிந்து, திரும்பவும் அகன்றது. அல்ஹம்துலில்லாஹ் என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னோம். முழுவதையும் முதலில் கொம்பியூட்டருக்குள்ளும் பிறகு என் பென் ட்ரைவிலும் பிரதி எடுத்தேன். அதற்குப் பிறகுதான் எனக்கு ஒழுங்காக மூச்சு வந்தது. இரவு இஷாத் தொழுகைக்கு முன் எல்லாம் இங்கிலாந்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

செவ்வாய்க்கிழமை ஒரு தகவலும் இல்லை. புதன்கிழமை பின்னேரம் நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. சத்தத்தைக் கூட்டி மேசையில் வைத்தேன்.

"சாச்சி, சாச்சா பக்கத்துல இரிக்காரா? எங்கட பெரிய டொக்டர் எல்லாப் படத்தையும் பார்த்தாரு. கொழும்பு டொக்டரோடயும் இப்பதான் கதைச்சாரு. ரெண்டு பேருக்கும் ஒரே முடிவு. நெஞ்சத் தொறக்கத் தேவல்ல. ரெண்டு ஸ்டென்ட் வெச்சாப் போதும்."

நான் என்ன பதில் சொன்னேன் என்று ஞாபகமில்லை. உடம்பில் இருந்த பாரமெல்லாம் இறங்கிப் போனதுபோல் கதிரையில் சாய்ந்ததுதான் ஞாபகம். அவள் போனை வைத்த பிறகும் அவர் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் நல்லாப் பயந்திட்டன்," என்றார்.

இத்தனை வருட வாழ்க்கையில் அவர் வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் கேட்டதே இல்லை. சிவப்புப் பேனையைக் கீழே வைத்துவிட்டு, கிரீஸ் மணக்கும் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டேன்.

"நானுந்தான்," என்றேன்.