ஒரு கை குடுங்கண்ணே

இது நடந்தது. சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். நான் மூட்டை தூக்கிப் பிழைக்கிறவன். கதை கட்டி எனக்கு ஆகப் போவது ஒன்றுமில்லை. கூட இருந்தவன் சிவபாண்டி. என் தங்கச்சி பவதாரிணியின் புருஷன். அவனும் லோடுமேன்தான். நம்பாதவர்கள் அவனைக் கேளுங்கள். பகலில் கேளுங்கள். இருட்டின பிறகு அவன் இதைப் பேச மாட்டான்.

வேண்டாத சாமானை ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்ள செல்போனில் ஒரு ஆப் இருக்கிறது. மதுரைக்காரர்கள் நிறையப் பேர் அதில் உண்டு. காசு கிடையாது. பொருளுக்குப் பொருள். தங்கச்சிக்கு அப்போது எட்டாவது மாசம். பிறக்கப்போகிற பிள்ளையின் துணியை வைக்கக்கூட வீட்டில் ஒரு அலமாரி இல்லை. அந்த ஆப்பையே தடவிக்கொண்டிருந்தவள், ஒருநாள் படத்தைக் காட்டினாள். பச்சை பெயிண்ட் அடித்த இரும்பு பீரோ. பதிலுக்கு ஒரு சீலிங் ஃபேன் போதுமாம். படத்துக்குக் கீழே ஒருவர் எழுதியிருந்தார்: "வந்து பார்த்தோம். வேண்டாம்."

ஏன் வேண்டாம் என்று எழுதவில்லை.

எங்களிடம் ஃபேன் இருந்தது. மறுநாள் வேலை முடிந்ததும் குட்டியானை வண்டியை எடுத்துக்கொண்டு போனோம். தெற்கு வெளி வீதிக்கு உள்ளே ஒரு சந்து. பழைய வீடு. பீரோவைப் போட்ட பெண் ஆஷிகா வாசலில் நின்றிருந்தாள். பின்னால் பள்ளிவாசலில் சாயங்கால மஃரிப் பாங்கு சொல்லி முடித்திருந்தார்கள். ஃபேனை வாங்கிச் சுவரோரம் வைத்தாள்.

"மாடியில இருக்குண்ணே. எடுத்துக்கங்க."

"நீ வரலையாம்மா?"

"நான் இங்கனயே நிக்கிறேன்."

சிவபாண்டிக்கு வாய் சும்மா இருக்காது. "பீரோவுக்குள்ள நகை கிடந்தா எங்களுக்குத்தான், இப்பவே சொல்லிட்டோம்" என்றான்.

அவள் சிரிக்கவில்லை. "வெளிச்சம் இருக்கையிலேயே எறக்கிருங்கண்ணே."

மாடியில் ஒரே அறை. பீரோவைத் தவிர எதுவும் இல்லை. கட்டிலையும் இதே ஆப்பில் கொடுத்துவிட்டார்கள் என்று ஆஷிகா சொல்லியிருந்தாள். அதன் நாலு கால் தடமும் தரையில் அப்படியே இருந்தது. அறை முழுக்கத் தைல வாடை. ஜன்னல் திறந்துதான் கிடந்தது. காற்றும் வந்தது. வாடை மட்டும் போகவில்லை.

படி ரொம்பக் குறுகல். ரெண்டு பக்கமும் சுவர். நடுவில் ஒரு திருப்பம். கீழ்ப்பக்கம் சிவபாண்டி, மேல்பக்கம் நான். பீரோ இறக்கும்போது மேலே இருப்பவன் கையை விட்டால் கீழே இருப்பவன் செத்தான். எங்கள் தொழிலில் சின்னப் பிள்ளைக்கும் இது தெரியும்.

திருப்பத்தில் பீரோவின் கால் சுவரில் குத்தி மாட்டிக்கொண்டது. அசையவில்லை.

"மச்சான், அப்படியே இரு. வண்டியில கடப்பாரை கிடக்கு. எடுத்துட்டு வாரேன்."

அவன் இறங்கிப் போனான். நான் மேலே. எனக்கும் வாசலுக்கும் நடுவில் பீரோ. வேறு வழி கிடையாது. அப்போது பார்த்து கரண்டும் போனது.

சட்டைப் பையில் செல்போன் டார்ச்சைப் போட்டு வைத்தேன். வெளிச்சம் என் தாடையைத் தாண்டவில்லை.

கிறீச்...

பின்னால். அறைக்குள். கட்டிலில் ஒரு ஆள் புரண்டு படுக்கிற சத்தம்.

அங்கே கட்டில் இல்லை. நானே பார்த்தேன்.

எலியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். எலி கட்டிலில்லாமல் எப்படிக் கட்டில் சத்தம் போடும் என்று மனசு கேட்டது.

சிவபாண்டி வந்துவிட்டான். பீரோவுக்கு அடியில் தோளைக் கொடுத்து, கடப்பாரையால் காலை நெம்பினான். படாரென்று விடுபட்டது. அம்புட்டு கனமும் ஒரே நொடியில் என் கையில் இறங்கியது. வியர்வையில் விரல் வழுக்கியது.

"மச்சான்! விட்றாத! நான் அடியில மாட்டிக்கிட்டேன்!"

ஒதுங்க அவனுக்கு இடமில்லை. என் விரல் ஒவ்வொன்றாகக் கழன்றது. எட்டு மாசப் பிள்ளைத்தாய்ச்சி வீட்டில் காத்திருக்கிறாள். நான் கையை விட்டால் அவளுக்குப் புருஷன் இல்லை.

சந்தையில் எங்களுக்கு ஒரு பழக்கம். கனம் மீறினால் யார் எவர் என்று பார்க்க மாட்டோம், குரல் கொடுப்போம். பக்கத்தில் எவன் இருந்தாலும் ஓடிவந்து பிடிப்பான். அந்தப் பழக்கத்தில், ஆளில்லாத வீட்டில் நின்றுகொண்டு கத்திவிட்டேன்.

"ஒரு கை குடுங்கண்ணே!"

கட்டில் சத்தம் நின்றது.

தரையில் காலடி... ஒன்று... இன்னொன்று... நடந்து ரொம்ப நாளான ஆள் நடப்பதுபோல.

என் தோளுக்கு மேலே ஒரு கை நீண்டது. வெளுத்த, மெலிந்த கை. பீரோவின் விளிம்பை என் கைக்குப் பக்கத்திலேயே பிடித்தது.

கனம் பாதியாகக் குறைந்தது.

"புடிச்சுட்டேன் தம்பி."

தைல வாடை முகத்தில் அடித்தது.

கீழேயிருந்து சிவபாண்டி மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னான். "யாரு மச்சான் அது? நல்ல பிடி. அவரை விட்றாம புடிக்கச் சொல்லு."

திரும்பிப் பார்க்க முடியவில்லை. பின்னால் அது. முன்னால் பீரோ. கையை விட்டு ஓடலாம் என்றால் அடியில் சிவபாண்டி.

காதுக்குள் கேட்டது.

"என்னையும் கீழ எறக்குவியா தம்பி?"

நான் பேசவில்லை.

விளிம்பில் இருந்த விரல் ஒன்று மெல்லத் தூக்கிக்கொண்டது. கனம் ஏறியது.

"மச்சான்ன்ன்!"

இன்னொரு விரலும் தூக்கியது.

"எறக்குறேன்... எறக்குறேன்ணே... வாங்க!"

விரல்கள் திரும்ப அழுத்தின.

ஒரு படி. இன்னொரு படி. கூடவே அது.

என் பிடரியில் மூச்சு.

ஒரு படி.

வாசல்.

கை எடுபட்டது.

பீரோவை வண்டியில் ஏற்றும்வரை நான் பின்னால் பார்க்கவே இல்லை. ஆஷிகாவைத்தான் பார்த்தேன். நாங்கள் ரெண்டு பேரும் வாசலைத் தாண்டிய பிறகு, அவள் சட்டென்று முக்காட்டை இழுத்துவிட்டுச் சுவரோரம் ஒதுங்கினாள். பெரியவர் ஒருவர் வரும்போது வழி விடுவது மாதிரி.

"என்னம்மா?"

"தைல வாடை அடிச்சுச்சுண்ணே" என்றாள்.

வண்டி தெப்பக்குளம் தாண்டும்போது சிவபாண்டி கேட்டான். "மேல புடிச்ச ஆளு எங்க மச்சான்? நீ மட்டும்தான வெளிய வந்த?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மறுநாள் ஆஷிகாவுக்குப் போன் போட்டேன்.

"அந்த மாடியில யாரும்மா இருந்தது?"

"எங்க பெரியத்தா. அத்தாவோட அண்ணன், ஷேக் தாவூது. போன வருசம் மவுத்தாயிட்டாக."

"கீழ எறங்கவே மாட்டாரா?"

"எறக்கச் சொல்லிக் கேட்டுக்கிட்டேதான் இருந்தாகண்ணே. ஒரு தடவ தெருவைப் பாக்கணும்பாக. படி குறுகல், தூக்க ஆளு வேணும், நாளைக்குப் பாப்போம்னு... அப்படியே போயிருச்சு. உசுரு போன பெறகுதான் எறக்குனோம்."

நான் கேட்டேன். "கையில நல்ல வலுவுள்ள மனுசனோ?"

"என்னண்ணே இப்படிக் கேக்குறீங்க?" "கட்டட வேலையில சாரத்துலேருந்து விழுந்த நாள்லேருந்து அவுகளுக்குக் கழுத்துக்குக் கீழ எதுவுமே அசையாது. சோறுகூட நாங்கதான் ஊட்டுவோம்."