ஒர்த்தான்ஸ் மணியடிக்காத நாள்

ஒர்த்தான்ஸ் என் கணவருக்குப் பெரியம்மா மகள். எனக்கு நாத்தனார் முறை. எங்கள் பெய்ருசாக் கிராமத்தில் யாரைத் தொட்டாலும் யாருக்காவது உறவாகத்தான் இருக்கும். மணிகூட விலக்கில்லை. கோயில் மணிக்கூண்டில் தொங்குகிற பெரிய மணிக்கு ஞானஸ்நானம் கொடுத்து மர்கரித் என்று பெயர் வைத்தபோது ஞானத்தாயாக நின்றவள் ஒர்த்தான்ஸின் வம்சத்து மூத்தவள் ஒருத்தி. அந்த வீட்டார் அதை இன்றைக்கும் சொல்லிக்கொள்வார்கள். பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் பீரங்கி வார்க்க என்று ஊர் ஊராக மணிகளை இறக்கிக்கொண்டு போனார்களே, அப்போது எங்கள் ஆட்கள் சின்ன மணிகளைக் கொடுத்துவிட்டு மர்கரித்தை மட்டும் திராட்சை மிதிக்கிற தொட்டிக்குள் இறக்கி, மேலே பழச்சக்கையைக் கொட்டி மூடிவிட்டார்கள். தேடி வந்த சிப்பாய்கள் அந்தத் தொட்டியின் விளிம்பிலேயே உட்கார்ந்து குடித்துவிட்டுப் போனார்களாம். மர்கரித்தின் குரல் கொஞ்சம் தள்ளாடுவதற்கு அதுதான் காரணம் என்று ஒர்த்தான்ஸ் வெளியூர்க்காரர்களிடம் சொல்லுவாள்.

வெளியூர்க்காரர்கள் எங்கள் பக்கம் வர ஆரம்பித்தது யுத்தம் முடிந்து கார்கள் பெருகிய பிறகுதான். கல்தூண் சந்தைக் கொட்டகை, வண்டி ஒன்று மட்டும் நுழையக்கூடிய பழைய கோட்டை வாசல், சாய்ந்த மணிக்கூண்டு என்று படம் எடுத்துக்கொண்டு போவார்கள். மணிக்கூண்டின் மேல் மாடத்திலிருந்து பார்த்தால் ஆறும் திராட்சைச் சரிவுகளும் ஒரே வீச்சில் தெரியும். ஒர்த்தான்ஸ்தான் கூட்டிக்கொண்டு ஏறுவாள். அவள் அப்பா ப்ளேஸ் மணியடித்துக் கோயிலைக் கவனிக்கிற கோயில்பிள்ளையாக இருந்தவர். அவருக்குப் பிறகு சாவியும் கயிறும் இவள் கைக்கு வந்தன. புருஷன் ஜெர்மனிச் சிறைமுகாமில் செத்துப்போனான். பிள்ளை கிடையாது. குட்டையான உடம்பு, புருஷனுடைய பழைய பூட்சு, எதையும் நறுக்கென்று பேசுகிற வாய். தாயில்லாத தம்பி அனிசேயைச் சோறூட்டி வளர்த்தவள் அவள்தான். அவனுடைய மூத்த பெண்ணுக்கு ஞானத்தாயும் அவளே.

மர்கரித்தை எல்லா நாளும் அடிப்பதில்லை. திருப்பலிக்கும் மூவேளை ஜெபத்துக்கும் பின்னால் வாங்கிய சின்ன மணி உண்டு. மர்கரித் பண்டிகைக்கு, சாவுக்கு, அப்புறம் ஆலங்கட்டிக்கு. கோடையில் மேற்கே கழுதைமுதுகு என்கிற குன்றுக்குப் பின்னால் பச்சையும் மஞ்சளுமாய் வயிறு தொங்குகிற ஒரு மேகம் எழும்பும். அது முதுகைத் தாண்டுமுன் மர்கரித் பேச வேண்டும். பேசினால் மேகம் கிழிந்து வெறும் மழையாகும். தாண்டிய பிறகு அடித்துப் பயனில்லை. அதுதான் எங்கள் கணக்கு. பங்குச்சாமியார் இதை மூடத்தனம் என்று பிரசங்கத்தில் சொல்லுவார். மேகம் வந்தால் மட்டும் சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு மணி கேட்கிறதா என்று பார்ப்பார். ஆற்றுக்கு அக்கரை ஊர்க்காரர்கள் மேகத்தைப் பார்த்து வெடி விடுகிறவர்கள். வெடி விட்டு மேகத்தை எங்கள் பக்கம் தள்ளிவிடுகிறார்கள் என்பதனால் அவர்களுக்குப் பெண் கொடுக்காத வீடுகள் எங்கள் ஊரில் உண்டு.

அந்த வருஷக் குளிர்காலம் கல்லைப் பிளக்கிற குளிர். வசந்தத்தில் பார்த்தால் மணிக்கூண்டின் மேல்சுவரில் கை நுழைகிற அளவுக்கு விரிசல். மாவட்ட நகரத்திலிருந்து ஒரு பொறியாளர் வந்தார். விரிசலுக்குக் குறுக்கே கண்ணாடிப் பட்டைகளைச் சாந்து வைத்து ஒட்டினார். சுவர் அசைந்தால் கண்ணாடி உடையும், அதிலிருந்து தெரிந்துகொள்ளலாம் என்றார். கோடை பிறக்கும்போது ஒரு கண்ணாடி உடைந்திருந்தது. அவர் மறுபடி வந்து, இரும்புப் பட்டை போட்டுக் கட்டும்வரை பெரிய மணி ஆடக்கூடாது, ஆட்கள் இரண்டு மூன்று பேராக ஏறலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

"புறா மோதி ஒடச்சிருக்கும்யா," என்றான் அனிசே. "பட்டணத்துக்காரன் கண்ணாடிய ஒட்டிட்டுப் போவான், நாம அதுக்குக் கும்புடு போடணுமா?"

அவன் அப்படிப் பேசியதற்குக் காரணம் இருந்தது. கழுதைமுதுகின் அடிச்சரிவில், முள்ளும் கல்லுமாகக் கிடந்த நிலத்தை வெட்டித் திருத்தி, புதுக்கொடி வைத்திருந்தான். கன்றுகளுக்கு ஒர்த்தான்ஸும் வாளி வாளியாகத் தண்ணீர் சுமந்திருக்கிறாள். அந்த வருஷம்தான் முதல் காய்ப்பு. கொத்துக்கள் கறுக்கத் தொடங்கியிருந்தன.

ஆகஸ்டில், மாதா விண்ணேற்புத் திருநாளுக்கு இரண்டொரு நாள் முந்தி, மத்தியானச் சாப்பாடு முடிந்த நேரம். காற்றே இல்லை. நான் சந்தைக் கொட்டகைக்குள் நிழலில் பீன்ஸ் உரித்துக்கொண்டிருந்தேன். கோழிகள் தாமாகக் கூட்டுக்குள் போயின. மேற்கே பார்த்த ஒருத்தர் எழுந்து நின்றார், அப்புறம் எல்லாரும் எழுந்தார்கள். யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தோட்டங்களிலிருந்து ஆண்கள் ஓடி வந்து கோயிலுக்குள் நுழைந்தார்கள். நானும் போனேன்.

மணிக்கூண்டின் கீழ்த்தளத்தில், கூரைத் துளை வழியாகக் கயிறு இறங்கித் தொங்கியது. பக்கத்தில் ஒர்த்தான்ஸ் இல்லை. அவள் மேலே இருந்தாள். பெல்ஜியத்துக்காரர் ஒருவர், பருத்த உடம்பு, மனைவியோடு மாடத்துக்கு ஏறிப் பார்த்துவிட்டு இறங்கும்போது பாதியில் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டாராம். சுழற்படியில், மணி அறையை ஒட்டி, விரிசல் ஓடுகிற சுவரில் சாய்ந்து. மேலே பேசுவது துளை வழியாக எங்களுக்கு நன்றாகக் கேட்டது.

"படி சுத்துதும்மா," என்றது கனத்த குரல்.

"படி சுத்தலீங்க, ஒங்க தலைதான் சுத்துது. கண்ண மூடிக்கிட்டு, உக்காந்தபடிக்கே ஒவ்வொரு படியா நகருங்க. கொழந்தைங்க எறங்குமில்ல, அது மாதிரி." இது ஒர்த்தான்ஸ்.

"வீட்டுல நாற்காலி மேல ஏறி பல்பு மாட்டச் சொன்னாலே மாட்டாரு. இங்க ஏறியே தீரணும்னு பிடிவாதம்," என்று அழுதாள் அந்த மனைவி.

அனிசே துளைக்கு நேராக அண்ணாந்து கத்தினான். "அக்கா! மேகம் முதுகுக்குக் கிட்ட வந்திருச்சு!"

"தெரியுது. எனக்கும் கண்ணு இருக்கு. கயித்துல கை வைக்காதே, மேல ஆளு இருக்கு."

"எறக்கு அவங்கள!"

"கால் வந்தாத்தானேடா எறக்கறது!"

"வரலேன்னா உருட்டி விடு! அந்தத் தடியன் எறங்கறதுக்குள்ள என் திராட்சை கஞ்சியாயிடும்!"

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். அது சிரிப்பே இல்லை, மூச்சு திணறியதுபோல ஒரு சத்தம். வாசலில் நின்ற ஒருத்தர் மேகத்தைப் பார்த்துப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார்: "ஓக்கு மரம் மறைஞ்சிருச்சு... சிலுவைக்கல்லு இன்னும் தெரியுது..." சிலுவைக்கல் குன்றின் உச்சியில் இருக்கிறது. அது மறைந்தால் முடிந்தது.

மேலே ஒர்த்தான்ஸ் அந்த மனிதரின் கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். அவர் சுவர்க்கல்லை விடவில்லை. அவள் என்ன நினைத்தாள் என்பதை அப்போது கீழே யாரும் அறியவில்லை. அவரை இறக்கிவிட்டால் பொறியாளர் சொன்னதையும் மீறி நானே அடித்துவிடுவேன் என்பதுதான் அவள் மனசில் இருந்ததாம். என்னிடம் பல வருஷம் கழித்துச் சொன்னாள்.

"அக்கா." இந்தத் தடவை அனிசே கத்தவில்லை. "அந்தக் கன்னுக்கு நீதானே தண்ணி சொமந்தே. ஒன் கையாலதானே ஊத்தினே."

மேலே அவள் அந்த மனிதரிடம் காலை நீட்டச் சொல்வது கேட்டது.

"இந்த ஊரு காயறதும் பொழைக்கறதும் அந்த ரெண்டு பேருக்காகவா? ஊரு பேரு தெரியாதவங்க! நாளைக்குக் காரேறிப் போயிடுவாங்க!"

"போகட்டும்டா. உசிரோட போகட்டும்."

"சிலுவைக்கல்லு பாதி மறைஞ்சாச்சு!" என்றார் வாசல்காரர்.

அனிசே கயிற்றைப் பிடித்தான். அவனோடு இன்னும் இரண்டு பேர் பிடித்தார்கள். நான் பார்த்துக்கொண்டே நின்றேன். அவன் முழு பலத்தோடு இழுக்கவில்லை, சும்மா பாரம் பார்ப்பதுபோல் ஒரு இழுப்பு. மேலே மணியின் அச்சு முனகியது. சத்தம் எழும்பவில்லை. ஆனால் பொடிக்கல்லும் சுண்ணாம்பும் துளை வழியாகப் பொலபொலவென்று எங்கள் தலையில் கொட்டின. அந்த அம்மாள் வீறிட்டாள். கூடவே ஏதோ சின்னதாக விண்டு விழுகிற ஓசை. கண்ணாடி.

உடனே ஒர்த்தான்ஸின் குரல், மிகவும் கிட்டத்திலிருந்து வருவதுபோல் துளைக்கு நேர் மேலே கேட்டது.

"அனிசே! நான் மர்கரித்துக்குக் கீழ நிக்கறேன். மணியோட நாக்கக் கட்டிப் பிடிச்சிக்கிட்டிருக்கேன். இழுக்கறதா இருந்தா நல்லா இழு. முதல் அடி என் மண்டையில விழும். எங்கண்ணன் தம்பிமாரெல்லாம் பாத்துக்கிட்டிருக்கீங்க இல்ல? இழுக்கச் சொல்லுங்க அவன!"

கயிறு அவன் கையில் இருந்தது. அவன் முகத்தில் வேர்வையும் சுண்ணாம்பும் சேர்ந்து வழிந்தன. மற்ற இருவரும் கையை எடுத்துவிட்டார்கள். ஒருத்தர் தொப்பியைக் கழற்றினார். வாசல்காரர் வெளியே பார்த்துக்கொண்டிருந்தவர் திரும்பி உள்ளே வந்தார். சிலுவைக்கல் மறைந்துவிட்டது.

அனிசே கயிற்றை விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தான்.

முதலில் கூரை ஓட்டில் ஒன்று, அப்புறம் ஒன்று. பிறகு வண்டி நிறையக் கல்லைச் சாய்த்துக் கொட்டியதுபோல். வாதுமைக்கொட்டை அளவு கட்டிகள் கோயில் வாசற்படியில் குதித்தன. யாரோ விசும்பியது அந்த இரைச்சலில் கேட்டது, யார் என்று திரும்பிப் பார்க்கவில்லை. எல்லாம் ஓய்ந்த பிறகு பெல்ஜியத்துக்காரர் உட்கார்ந்தபடியே படிபடியாக நகர்ந்து, கால்சட்டையின் பின்புறம் தேய்ந்து கிழிந்துபோய், இறங்கி வந்து சேர்ந்தார். கூட்டத்தைப் பார்த்துத் தொப்பியைத் தூக்கி "ரொம்ப நன்றி" என்றார். கூட்டம் ஒதுங்கி அவருக்கு வழி விட்டது.

சரிவில் இலை இல்லை. கொடிகள் குச்சி குச்சியாக நின்றன. அனிசேயின் புதுத்தோட்டத்தில் கறுத்த கொத்துக்கள் சேற்றில் மிதிபட்டதுபோல் கிடந்தன.

மணிக்கூண்டு விழவில்லை. ஒர்த்தான்ஸுக்கு அதுதான் பெரிய கெடுதலாகப் போயிற்று. அடித்திருந்தாலும் விழுந்திருக்காது என்று பேசினார்கள். கண்ணாடி உடைந்ததைச் சொன்னால், கண்ணாடி என்றால் உடையத்தான் செய்யும் என்றார்கள். கதவைத் தட்டினால் திறந்தார்கள். பேச்சை மட்டும் நிறுத்திக்கொண்டார்கள். அனிசே அவள் வரும் தெருவை விட்டுத் திரும்பி வேறு தெருவில் போனான். அவன் பெண் ஞானத்தாய் வீட்டுக்கு வருவது நின்றது. எங்கள் ஊரில் அறுவடை முடிந்ததும் ஒவ்வொரு வீட்டாரும் மணியடிக்கிறவள் பீப்பாயில் ஒரு குடம் புதுத் திராட்சைச் சாறு ஊற்றுவது வழக்கம். அந்த இலையுதிர் காலத்தில் அவள் பீப்பாயைக் கழுவி வாசலில் வைத்தாள். மழைத்தண்ணீர்தான் நிறைந்தது. என் கணவர் ஒரு குடம் எடுத்துக்கொண்டு கிளம்பியபோது அவள் வாசலிலேயே நின்று தடுத்தாள். "வேணாம்ப்பா. ஒன்னையும் ஒதுக்கி வெச்சிருவாங்க."

அடுத்த வசந்தத்தில் இரும்புப் பட்டைகள் வந்தன. பொறியாளர் மணியை அடித்துக்கொள்ளலாம் என்று கையெழுத்துப் போட்டார். ஜூலையில் மேகம் வந்தது, முந்தின வருஷத்தைவிடப் பெரிதாக. யாரும் கூப்பிடவில்லை, ஒர்த்தான்ஸ் தானே பூட்சை மாட்டிக்கொண்டு போனாள். மேகம் கழுதைமுதுகுக்குப் பின்னால் இருக்கும்போதே மர்கரித் பேச ஆரம்பித்தது. அவள் நிறுத்தவில்லை. கை கிழிந்து கயிறு சிவந்தது. தோட்டத்தில் இருந்தவர்கள் அசையாமல் நின்று கேட்டார்கள்.

ஆலங்கட்டி பெய்தது. அதே சரிவில், அதே கொடிகளின் மேல்.

அன்று சாயங்காலமே அவள் வாசலுக்கு ஆட்கள் வந்தார்கள். ஒருத்தி முயல் கொண்டு வந்தாள், ஒருத்தர் பழைய சாராயப் புட்டி கொண்டு வந்தார். கடைசியில் அனிசே வந்தான். நான் அவள் கைக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன்.

"போன வருஷம் போன தோட்டந்தானேடா இந்த வருஷமும் போச்சு?" என்றாள்.

"அதே தோட்டந்தான்."

"அப்புறம் ஏன் வந்தே?"

"நீ அடிச்சியேக்கா."

அவள் கட்டுப் போட்ட கையாலேயே சுவர் ஆணியிலிருந்து மணிக்கூண்டுச் சாவியை எடுத்து மேசை மேல் அவன் பக்கமாகத் தள்ளினாள்.

"இனிமே மேகத்துக்கு நீயே அடி. வெளியூர்க்காரங்கள நான் கூட்டிட்டுப் போறேன், அது போதும் எனக்கு. ஒண்ணே ஒண்ணு. இழுக்கறதுக்கு முந்தி மேல யாரும் இருக்காங்களான்னு கேட்டுட்டு இழு."

அனிசே சாவியை எடுத்துக்கொண்டான். அதற்குப் பிறகு வந்த கோடைகளில், மேகம் எழும்பும்போதெல்லாம், மணிச் சத்தத்துக்கு முன்னால் அவன் குரல் மணிக்கூண்டுக்குள் ஏறிப் போவது தெருவரைக்கும் கேட்கும்: "மேல யாரு இருக்கீங்க?" கேட்டுவிட்டு நிற்பான். நாங்கள் வெளியே நின்று குன்றைப் பார்த்துக்கொண்டிருப்போம்.