பிரிக்காத மெத்தை

ஷோபாவைப் பற்றிப் பெங்களூர் லிங்கராஜபுரத்தில் யார் என்ன வேண்டுமானாலும் பேசட்டும். ஒரு பொருளை அவளைப்போல் காப்பாற்றி வைக்கிறவளை நான் பார்த்ததில்லை. அவள் வீட்டு மாடியில் குடியிருக்கிறவள் நான், ஸ்வர்ணா. வாய் கொஞ்சம் நீளம் என்று பெயர் எடுத்தவள். அவள் வீட்டில் டிவி ரிமோட்டுக்குப் பாலிதீன் உறை, ஃப்ரிட்ஜ் கைப்பிடிக்குத் துணி. சோபாவுக்குக் கடைக்காரன் சுற்றிக் கொடுத்த பிளாஸ்டிக் இன்னும் அப்படியே கிடக்கிறது. வெயில் காலத்தில் உட்கார்ந்து எழுந்தால் புடவை அதோடு ஒட்டிக்கொண்டு வரும். "என்ன கர்மம்டி இது" என்று நான் கத்தினால், "பிரிச்சா புதுசு போயிடும்க்கா" என்பாள்.

அவள் கணவன் யூஜின் எலக்ட்ரீஷியன். "கல்யாணத்தன்னிக்கே எனக்கும் ஒரு கவர் மாட்டியிருப்பா. ஃபாதர் எதிர்ல நின்னாரு, அதான் தப்பிச்சேன்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பான்.

அந்த யூஜின் போன டிசம்பரில் எதிர்வீட்டு மொட்டைமாடியில் கிறிஸ்துமஸ் ஸ்டார் கட்டப் போய்க் கீழே விழுந்தான். முதுகெலும்பு போயிற்று. இடுப்புக்குக் கீழே கிள்ளினாலும் தெரியாது, சுட்டாலும் தெரியாது. வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் ஷோபாவிடம் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். படுக்கைப்புண் வரக்கூடாது, வந்தால் ஆளையே கொண்டுபோய்விடும். இடுப்பில் ஏற்கெனவே தோல் சிவந்திருக்கிறது, பழைய பஞ்சு மெத்தையை முதலில் மாற்றுங்கள் என்றார்.

லேடெக்ஸ் மெத்தை நல்லது என்று யாரோ சொல்ல, கம்மனஹள்ளியில் ஒரு கடைக்குப் போனோம். நான், ஷோபா, யூஜினின் தம்பி ஜாய்சன். முதுகில் அடிபட்டவர் என்றதுமே கடைக்காரர் இருப்பதிலேயே கட்டியான ஒன்றைத் தட்டிக் காட்டினார். "பேக் ப்ராப்ளம்னா ஹார்டுதான் மேடம் ஒள்ளேது, அதான் நல்லது. பலகை மாதிரி இருக்கணும்." ஜாய்சனும் பெரிதாகத் தலையாட்டினான். ஆமாம், இவன்தானே படுக்கப் போகிறான்.

ஷோபா செருப்பைக் கழற்றினாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, அத்தனை பேர் முன்னால் அந்த மெத்தையில் ஒருக்களித்துப் படுத்தாள். யூஜினைத் திருப்பிப் போடுகிற அதே கோலம், முழங்கால் மடக்கி. இடுப்புக்கு அடியில் என் கையை நுழைக்கச் சொன்னாள். "எலும்பு அழுத்துதாக்கா?" என் விரல் நசுங்கிற்று. எழுந்து அடுத்ததில் படுத்தாள். அது ரொம்ப மெத்தென்று இருந்தது, ஆளே புதைந்து போனாள். "இதுல அவர என்னால புரட்ட முடியாது" என்று அதையும் தள்ளினாள். நடுவாந்தரமான ஒன்றில் இடுப்பும் தோளும் மட்டும் உள்ளே அமிழ்ந்தன, மற்ற இடமெல்லாம் தாங்கியது. "இதான்" என்றாள். கடைக்காரர் ஓரத்து ஜிப்பைத் திறந்து, ரப்பரில் வரிசையாக இருந்த ஓட்டைகளைக் காட்டினார். "காத்து இதுல போய் வரும் மேடம், சூடே ஆகாது." ஷோபா அந்த ஓட்டைகளை விரலால் தடவிப் பார்த்தாள். எனக்கு அன்றைக்கு அவளை நினைத்துப் பெருமையாக இருந்தது.

மெத்தை தடித்த பிளாஸ்டிக் உறையோடு வந்தது. அதை அவள் பிரிக்கவில்லை. மேலே ஒரு பெட்ஷீட்டை விரித்து நாலு பக்கமும் இறுக்கிச் செருகிவிட்டாள். வெளியே யாருக்கும் தெரியவில்லை. மூத்திரம் ஒழுகினால் துடைத்துவிடலாம், மெத்தை கெடாது. அவர் எழுந்து நடக்க ஆரம்பித்ததும் உறையைப் பிரித்துவிட்டு இரண்டு பேரும் அதில் படுக்கலாம். இதுதான் அவள் மனதில் இருந்தது. பிறகு அவளே என்னிடம் சொன்னாள்.

மார்ச் வெயில் ஏறியதும் யூஜின், "கழுத்தெல்லாம் வேகுது ஷோபா. சிப்ஸ் பாக்கெட் மேல படுத்த மாதிரி இருக்கு" என்றானாம். உணர்ச்சி இருந்த இடம் சொல்லிவிட்டது. இடுப்புக்குக் கீழே வெந்ததைச் சொல்ல அவனுக்கே தெரியாது. "கொஞ்ச நாள் போகட்டும்ங்க" என்று அவள் டேபிள் ஃபேனை இழுத்துக் கட்டிலருகே வைத்தாள்.

சிவந்த தோல் கறுத்தது, பிறகு திறந்துகொண்டது. கட்டுப்போட வருகிற நர்ஸ் தீபிகாவுக்கு ஒன்றும் புரியவில்லை. ஷோபா தூங்காமல் புரட்டிப் போடுகிறாள், மெத்தையும் சரியான மெத்தை. ஒருநாள் தீபிகா பெட்ஷீட்டை முழுக்க உருவினாள். காபி கொண்டு போயிருந்த நானும் பார்த்தேன். பிளாஸ்டிக்கின் மேல் வியர்வையும் சீழும் தேங்கி நின்றன. தீபிகா சத்தம் போடவில்லை. "இது மேலயா இத்தன நாளும் படுத்திருந்தாரு?" என்று மட்டும் கேட்டாள். அவனைச் சக்கர நாற்காலிக்கு மாற்றியதும் ஷோபா கத்தரிக்கோலை எடுத்துவந்து உறையை வெட்டி உருவினாள்.

அன்று மாலையே காய்ச்சல். புண் எலும்பைத் தொட்டுவிட்டது என்றார்கள். ஆஸ்பத்திரிக்குப் போன யூஜின் உயிரோடு திரும்பவில்லை. இப்படிப்பட்ட நோயாளிக்கு எப்படியும் புண் வந்திருக்கலாம்மா என்று டாக்டர் சொல்லிப் பார்த்தார். அவள் காதில் அது ஏறவில்லை.

விஷயம் எப்படியோ கசிந்துவிட்டது. கல்லறையிலிருந்து திரும்பும்போதே ஒருத்தி, "கஞ்சத்தனம் புருஷனையே தின்னுடுச்சு" என்றாள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அங்கேயே அறைந்திருப்பேன். அடிப் பாவி, முகம் சுளிக்காமல் அவனுக்குப் பீ மூத்திரம் அள்ளியவள் அவள். எழுந்து வருவான் என்று நம்பினாளே, அதனால்தானடி அந்த மெத்தையைக் காப்பாற்றினாள். நம்பாதவளாக இருந்தால் அன்றைக்கே பிரித்துப் போட்டிருப்பாள்.

முப்பதாம் நாள் பூசை முடிந்ததும், செத்தவர் படுத்த மெத்தை வீட்டில் வேண்டாம் என்றான் ஜாய்சன். முதியோர் இல்லத்துக்குச் சொல்லி அனுப்பினோம். வந்தவர் மெத்தையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். எங்கேயும் ஒரு கறை இல்லை.

"யாரும் படுக்கவே இல்லியாம்மா? புத்தம் புதுசா இருக்கே."

ஷோபா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஆமாங்க" என்றாள். "புதுசாவே வெச்சிருந்தேன்."