தேடு பட்டன் நின்றுபோன காலை

"அண்ணா, தேடு பட்டன அமுக்கினா ஒண்ணும் வரல. ஒரு அம்மாவுக்கு அவசரமா ஓ நெகட்டிவ் ரத்தம் வேணும். சீக்கிரம் வாங்க."

போனில் பேசியவர் ஷமீம் பானு. திருவண்ணாமலையில் ஒரு சின்ன பிரசவ ஆஸ்பத்திரியில் ரிசப்ஷன் பார்ப்பவர். நான் இருபது வருஷத்துக்கு மேலாக இந்த ஊரில் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்கிறேன். முந்தின நாள்தான் அவருக்குப் புது சிஸ்டம் போட்டுக் கொடுத்திருந்தேன்.

அன்று பௌர்ணமி. செங்கம் ரோட்டில் வண்டி விடவில்லை. பைக்கை ஓரமாக நிறுத்திவிட்டு, கிரிவலக் கூட்டத்துக்கு எதிர்ப்பக்கமாக வேகவேகமாக நடந்தேன்.

ரத்தம் கொடுப்பவர்களின் பட்டியலை பானு ஓர் எக்செல் ஃபைலில் வைத்திருந்தார். பட்டனை அமுக்கி ரத்த வகையைச் சொன்னால் போதும். கடைசியாகக் கொடுத்து மூன்று மாசம் ஆனவர்களின் பேரும் நம்பரும் மட்டும் வரும்.

நான் அமுக்கினேன். பட்டனுக்குப் பின்னால் ஓடும் கோடான மாக்ரோவை ஓட்ட முடியாது என்று திரையில் ஒரு பெட்டி வந்தது.

"செக்யூரிட்டி செட்டிங்காதான் இருக்கும்" என்றேன். எக்செலின் ட்ரஸ்ட் சென்டரில் போய் மாக்ரோவை எனேபிள் செய்தேன். ஃபைலை மூடித் திறந்தேன். அதே பெட்டி. கோடைத் திறந்து பார்க்க ஆல்ட் எஃப் லெவன் தட்டினேன். கோட் இருக்க வேண்டிய மாட்யூலே இல்லை. அப்புறம்தான் ஃபைல் பேரின் கடைசியைப் பார்த்தேன். எக்ஸ்எல்எஸ்எம் என்று இருக்க வேண்டியது எக்ஸ்எல்எஸ்எக்ஸ் என்று இருந்தது.

அந்த வகை ஃபைலில் மாக்ரோ தங்காது. முந்தின நாள் சேவ் பண்ணும்போது, மாக்ரோ போய்விடும், பரவாயில்லையா என்று கேட்டிருக்கிறது. நான் படிக்காமலே யெஸ் கொடுத்திருக்கிறேன். பழைய டிஸ்கையும் நானே ஃபார்மட் செய்துவிட்டேன்.

"தப்பு என்னுதும்மா. கோட் மொத்தமும் போயிடுச்சு."

அவர் குரலை உயர்த்தவில்லை. "பேரு, நம்பர்லாம் இருக்குல்ல?"

"இருக்கு."

"அப்ப நான் ஃபில்டர் போடறேன். நீங்க தேதிய மட்டும் பாத்து சொல்லுங்க."

ஃபில்டரில் ஓ நெகட்டிவ் ஒன்பது பேர் வந்தார்கள். மூன்று மாசம் தாண்டியவர்கள் நாலு பேர். பானு ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்; முதல் ஆள் போனை எடுக்கவில்லை. அடுத்தவர் பெங்களூரில் இருந்தார். மூன்றாவது ஆள் கிரிவலத்தில் இருந்தார்.

"எந்த லிங்கத்துகிட்ட இருக்கீங்க? காலைல சாப்டீங்களா?" என்று கேட்டார் பானு. "சரி, அங்கயே நில்லுங்க. எங்க ஆம்புலன்ஸ் வந்து ரத்த வங்கிக்குக் கூட்டிட்டுப் போகும்."

அதற்குள் டாக்டரம்மா வந்துவிட்டார். "யாரு இத கெடுத்தது?"

"சிஸ்டம் மாத்தினதுல ஃபைல் மாறிடுச்சு மேடம். ஆள் கெடச்சுட்டாரு, வண்டி போயிருக்கு" என்றார் பானு.

எனக்குப் பொறுக்கவில்லை. "இல்ல மேடம், நான்தான் பண்ணேன்" என்றேன். டாக்டரம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். "மொதல்ல சரி பண்ணுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

எங்கிருந்து சரி பண்ணுவது? யாரோ இன்ஜினியர் எழுதிக் கொடுத்த கோட் என்று நினைத்திருந்தேன். பானு கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"தள்ளுங்கண்ணா. எழுதினது நான்தானே."

வீட்டில் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டாராம். போன் வரும்போதெல்லாம் எடுத்துப் பேசிக்கொண்டே, மறுபடி முதலிலிருந்து அடித்தார். நடுநடுவே தமிழை இங்கிலீஷ் எழுத்தில் குறிப்பாகப் போட்டார். 'மூணு மாசம் ஆகலன்னா விட்டுடு' என்று ஒன்று.

"இங்க தமிழ்ல அடிச்சா கேள்விக்குறியா வருதுண்ணா" என்றார்.

ஓட்டிப் பார்த்தபோது ஓர் இடத்தில் நின்றது. நான் கண்ணாடியைத் துடைத்துப் போடுவதற்குள் விட்டுப்போன எண்ட் இஃப் என்ற வரியை அவரே கண்டுபிடித்துவிட்டார். பட்டனில் ரைட் கிளிக் செய்து, அசைன் மாக்ரோ கொடுத்துப் புது கோடோடு இணைத்ததும், எக்ஸ்எல்எஸ்எம்மாக சேவ் பண்ணியதும்தான் என் வேலை.

மதியத்துக்குள் ரத்தம் வந்து சேர்ந்தது. பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் நல்லபடியாக இருப்பதாக நர்ஸ் வந்து சொன்னபோது பானு முகத்தைத் துப்பட்டாவால் துடைத்துக்கொண்டார். அவ்வளவு நேரம் அவரும் பயந்துதான் இருந்திருக்கிறார். எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

இப்போதெல்லாம் சிஸ்டம் மாற்றினால் பழைய டிஸ்கை ஒரு மாசம் தொடுவதில்லை. தினமும் அந்த ஃபைலில் வேலை செய்கிறவரை உட்கார வைத்து, ஒவ்வொரு பட்டனாக அமுக்கச் சொல்கிறேன். "இத எழுதினது யாருங்க?" என்றும் கேட்டுவிடுகிறேன். பல இடங்களில், எதிரே உட்கார்ந்திருப்பவரே கொஞ்சம் கூச்சத்தோடு "நான்தாங்க" என்கிறார்.